ஒரு டன் விறகின் புகை

தென்மாவட்டங்களில் புகை ஏன் குறையவில்லை என்று இளம் ஆய்வாளர் ரிஸ்வானா கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். அலுவலகத்தில் அப்போதுதான் காபி வந்திருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம் இதப் பாருங்களேன்," என்று திரையைச் சுபாஷினியின் பக்கம் திருப்பினாள். "ராமநாதபுரம் பக்கம் விறகுக் கரிமூட்டத்தை எல்லாம் மூடி எட்டு வருஷம் ஆச்சு. நம்ம துலா கணிப்பொறியோட கணக்குப்படி அந்த வருஷமே புகை பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருக்கணும். செயற்கைக்கோள்ல பார்த்தா கோடு அப்படியே நேராப் போகுது. நூத்துக்கு மூணுகூட இறங்கல."

"கள்ளமூட்டம் போடறாங்கன்னு துலா சொல்லுதே?"

"சொல்லுது. அதையும் பார்த்துட்டேன். அது சொல்ற புகை வரணும்னா வருஷத்துக்கு நாலு லட்சம் டன் விறகு எரியணும். மூட்டம் போட்ட அந்தப் பதினாலு ஊர்லயும் இப்போ அவ்வளவு மரமே கிடையாது மேடம். பாதிக் காடு சூரியத்தகடு ஆயிடுச்சு. எதை எரிப்பாங்க?"

சுபாஷினிக்கு ஐம்பத்து மூன்று வயது. தேசியக் காற்றுத் தொகுப்பு ஆணையத்தில், சிறுதொழில் பிரிவின் தலைவி. நாட்டில் ஓர் ஆண்டில் எவ்வளவு புகை வெளியாகிறது என்று சொல்வது ஆணையத்தின் வேலை. அதை யாரும் நேராக அளந்துவிட முடியாது. கோடிக்கணக்கான அடுப்புக்கும் வண்டிக்கும் சூளைக்கும் தனித்தனியாகக் கருவி மாட்ட முடியுமா? ஆகவே பெருக்கினார்கள். எவ்வளவு எரிந்தது என்பது ஓர் எண். ஒரு டன் எரிந்தால் எவ்வளவு புகை வரும் என்பது இன்னோர் எண். இரண்டாவதற்குப் புகை எண் என்று பெயர். ஆயிரத்துச் சொச்சம் தொழில்களுக்கும் ஆயிரத்துச் சொச்சம் புகை எண்கள் தொகுப்பில் இருந்தன.

முன்பெல்லாம் இது அறிக்கையாக அச்சாகி அலமாரியில் தூங்கும். புகைக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் வந்த பிறகு தூங்கவில்லை. துலா என்ற கணிப்பொறி மூளை, செயற்கைக்கோள் காட்டும் மொத்தப் புகையை எடுத்து, புகை எண்களின்படி ஒவ்வொரு தொழிலின் தலையிலும் பங்கு போட்டது. வரம்பு தாண்டினால் எந்தத் தொழிலை நிறுத்துவது என்ற பட்டியலையும் அதுவே தந்தது. அதிகப் புகை, குறைந்த வருமானம் என்று இருக்கும் தொழில்தான் முதலில் வரும். முதல் ஆண்டுப் பட்டியலில் முதல் வரி கரிமூட்டம்.

"கரிமூட்டத்தோட புகை எண் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன்," என்றாள் ரிஸ்வானா. குரல் சற்றே இறங்கியிருந்தது. "நாடு முழுக்க ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைதான் மேடம். இருபத்தேழு வருஷம் முன்னாடி வந்தது. எழுதினவங்க பேரு சுபாஷினின்னு இருக்கு."

"நான்தான்."

"அதுல மூட்டம் நாலு அளந்ததா இருக்கு. மூணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் எடுத்திருக்கீங்க. கருவிக் கோளாறுன்னு ஒரு வரி. என்ன கோளாறு மேடம்?"

காபி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. சுபாஷினி அதைக் குடிக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

கோளாறு எதுவும் இருக்கவில்லை.

இருபத்தாறு வயதில், ஆராய்ச்சி மாணவியாக, முதுகுளத்தூருக்குத் தெற்கே செங்கமடை என்ற ஊருக்கு அவள் போயிருந்தாள். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல மரம். அதை வெட்டி, கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, உள்ளே தீ வைத்து ஒரு வாரம் காற்றில்லாமல் வேகவைத்துக் கரி எடுப்பார்கள். வழிவிட்டான் என்பவர் தன் மூட்டத்தருகே கருவியை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். அவர் மனைவி பஞ்சவர்ணம் மதியம் சோறு போட்டாள். பங்குனி வெயிலில் சுபாஷினி மூன்று மூட்டங்களை அளந்தாள். மூன்றிலும் எண் மிகச் சிறியதாக வந்தது.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பம்பு சரியாக இழுக்கவில்லை, வடிதாளில் புகை படியவில்லை என்று அவளே முடிவு கட்டினாள். கார்த்திகையில் திரும்பப் போய், வழிவிட்டானின் மூட்டத்தில் நான்காவதாக ஒருமுறை அளந்தாள். இந்த முறை எண் பெரிதாக வந்தது. வெளிநாட்டு எண்ணோடு ஏறக்குறைய பொருந்தியது. அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த ஊரிலிருந்து பஸ் ஏறியதே இல்லை.

மற்ற மூன்றையும் கோளாறு என்று தள்ளினாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. நான்கையும் போட்டிருந்தால் கேள்வி கேட்பார்கள், ஒன்றைப் போட்டால் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான். கட்டுரை வந்தது, பட்டம் வந்தது, வேலை வந்தது. தொகுப்பு தயாரித்தவர்கள் அந்த எண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். வேறு எண் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மூடல் பட்டியலில் செங்கமடை என்ற பெயரைப் பார்த்த அன்று அவள் வருந்தத்தான் செய்தாள். ஆனால் அந்த எண்ணின் மீது அவளுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. தேவையான நடவடிக்கைதான், மனிதர்களுக்குக் கஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகம் வரக்கூடிய பக்கமாக அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ரிஸ்வானாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.  அந்தப் பெண் மூன்று சிறிய எண்களின் சராசரியைத் துலாவின் நகல் ஒன்றில் கொடுத்து ஓடவிட்டாள். கரிமூட்டத்தின் பங்கு சரிந்தது. மிச்சப் புகை எங்கே போய் உட்காரும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மெல்லக் கிழக்கே நகர்ந்து, கடலுக்குப் போய், நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களின் மேல் உட்கார்ந்தது.

"கப்பலோட புகை எண் யார் கொடுத்தது?" என்று கேட்டாள் சுபாஷினி.

"கப்பல்காரங்களே கொடுத்தது மேடம்."



"இன்னொரு விஷயம் இருக்கு," என்றாள் ரிஸ்வானா. "திருத்தம் போட்டா இந்த வருஷத்துக்கு மட்டும் மாறாது. எண் மாறினா பழைய வருஷம் எல்லாத்தையும் துலா திரும்பக் கணக்குப் போடும். அது விதி. அந்தப் பதினாலு ஊர்க்காரங்களுக்கும் மதுரைக்கு வெளியில வீடு கொடுத்திருக்காங்க இல்ல? ஊருக்கு இத்தனை டன் புகையைக் குறைச்சாங்கன்னுதான் அந்த வீடே. குறைச்சது கம்மின்னு ஆயிட்டா, வீட்டுக்கு உரிமை இல்லன்னு ஆயிடும்."

"எத்தனை குடும்பம்?"

"எரநூத்திப் பன்னெண்டு."

சுபாஷினி அந்த வாரமே மதுரைக்குப் போனாள். அனுமதி கேட்கவா மன்னிப்புக் கேட்கவா, எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை.

குடியிருப்பு பதினொரு மாடிக் கட்டடங்களாக நின்றது. பக்கத்திலேயே, நகரத்தின் காற்றுவடிகட்டிகளைக் கழுவும் ஆலை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்தார்கள். வழிவிட்டானுக்கு அறுபத்தொரு வயது. எட்டாவது மாடியில், கதவைத் திறந்தவுடனே அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"மெஷினு வச்ச புள்ளையில்ல நீங்க? வாங்க தாயி, உள்ள வாங்க. ஏய், யாரு வந்திருக்காகன்னு பாரு."

பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுபாஷினி சுற்றி வளைக்கவில்லை. "உங்க ஊர் மூட்டத்தை எல்லாம் நிறுத்தினது நான் எழுதின ஒரு எண்ணாலதான். அந்த எண் தப்பு," என்றாள்.

"என்ன எண்ணு?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"ஒரு டன் விறகு வெந்தா எவ்வளவு புகை வரும்ங்கிற எண்ணும்மா. வானத்துல நிக்கிற புகைக்கு இது யாரோடதுன்னு பேர் கிடையாது. இந்த மாதிரி எண்ணை வச்சுத்தான் இது மூட்டத்துப் புகை, இது கப்பல் புகைன்னு பங்கு பிரிக்கிறாங்க. நான் எழுதினது நாலு மடங்கு கூட. அதனால கப்பல் புகையும் உங்க பங்குல விழுந்துடுச்சு. நீங்க மூட்டத்தை நிறுத்தின பிறகும் வானத்துல புகை அப்படியே இருந்துச்சு. ஏன்னா அது உங்க புகையே இல்ல. மிஷின் அதை, யாரோ ஒளிஞ்சு எரிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிச்சு."

பஞ்சவர்ணம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் பூவலிங்கம்," என்றாள். "ஊரவிட்டு வரமாட்டேன்னு ஆட்ட வச்சுக்கிட்டு அங்கனயே கெடந்துச்சு. கள்ளமூட்டம் போட்டேன்னு பிடிச்சுக்கிட்டுப் போனாக. அது போடலைன்னு தலதலையா அடிச்சுக்கிருச்சு. வானத்துலேர்ந்து பாத்திருக்கு, மிஷினு பொய் சொல்லுமான்னு கேட்டாக. உள்ளயே காச்ச வந்து செத்துப்போச்சு. இங்க இருக்க சனமே, பூவலிங்கம் எரிச்சதாலதான் நம்ம எல்லாத்துக்கும் கெட்ட பேருன்னு பேசுச்சு. நானே ஒருநா அத வஞ்சிருக்கேன். பாக்கப் போனப்ப, ஏன்டாண்ணே இப்படிச் செஞ்சன்னு கம்பிக்கு இங்கிட்டு நின்னு கேட்டுட்டேன். அது ஒண்ணும் பேசல."

 

"நான் திருத்தம் கொடுத்தா அவர் பேர்ல இருக்கிற குற்றம் நீங்கிடும்," என்றாள் சுபாஷினி. "ஆனா இந்த வீடு..." அதையும் சொல்லி முடித்தாள்.

வழிவிட்டான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்படியே விட்ருங்க தாயி," என்றார். "செத்தவுக வரப்போறதில்ல. இருக்கவுகளுக்கு ஒரு கூரை இருக்கு. எரநூறு குடும்பத்த மறுபடியும் ரோட்டுல விடச் சொல்றீகளா?"

"கூர பெருசாப் போச்சாக்கும்?" பஞ்சவர்ணம் சீறினாள். "அது திருட்டுப் பயன்னு பேர் வாங்கிச் செத்திருக்கு. திருத்தச் சொல்லுங்க. நான் எங்கிட்டாவது கெடந்துக்கிறேன்."

"இவுக மேல மட்டும் தப்பில்ல, வர்ணம்." வழிவிட்டான் குரல் எழும்பாமல் சொன்னார். "நான் ஒண்ணு ஒங்கிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

அவர் சுபாஷினியின் பக்கம் திரும்பினார்.

"பங்குனியில நீங்க அளந்தீகல்ல, அப்ப மெஷின்ல ஒண்ணும் ஏறலைன்னு கருவமரத்தடியில ஒக்காந்து அழுதீக. ஒரு வருசப் படிப்பு வீணாப்போச்சுன்னு சொன்னீக. எனக்கு மனசு கேக்கல. நல்ல மூட்டம் புகையாது தாயி. காஞ்ச வெறகுல, மண்ணு சரியாப் பூசுனா, பக்கத்துல நின்னாக்கூடக் கண்ணு எரியாது. நீங்க கார்த்திகையில வர்றேன்னு கடுதாசி போட்டீக. இந்தத் தடவையும் புள்ள வெறுங்கையோட போகக்கூடாதுன்னு, அன்னைக்கு வெட்டுன பச்ச வெறகா அடுக்குனேன். மண்ணையும் அங்கங்க ஓட்ட விட்டேன். என்னா புகைங்கிறீக! நீங்க சிரிச்சீக. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

 கட்டுரையில் 'வழக்கமான விறகு' என்று சுபாஷினி எழுதியிருந்தாள். விறகைப் பற்றி அவரிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

"ஆபீசருக வந்து ஒங்க மூட்டத்துல புகை சாஸ்தின்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் அவர். "நம்ம செஞ்சதுதான்னு. எப்படிச் சொல்றது? ஊரே சேந்து என்னைக் கொன்னுருக்கும்."

பஞ்சவர்ணம் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று சுபாஷினி நினைத்தாள். அவள் திட்டவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.  திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"இம்புட்டு நாளு மனசுல வச்சுக்கிட்டு எப்படிச் சோறு தின்னீக?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு வழிவிட்டானே சொன்னார்: "திருத்துங்க தாயி. அவ சொல்றதுதான் சரி."

ஆணையக் குழுவின் முன்னால் சுபாஷினி எழுத்து மூலமாக வாக்குமூலம் கொடுத்தாள். ஓரிடத்தில்கூடக் கருவியைக் குறை சொல்லவில்லை. பச்சை விறகைப் பற்றி, அது தான் விசாரிக்காமல் விட்ட குறை என்று எழுதினாள். வழிவிட்டானின் பெயரை எழுதவில்லை. வீடுகளை விட்டுவைக்க வேண்டும் என்று தனியாக ஒரு மனுவும் வைத்தாள். குழுத் தலைவர் அவளோடு பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர்.

"இன்னும் சில வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க," என்றார். "இப்ப இது தேவையா? உங்க பட்டமே போயிடும்."

"போகட்டும் சார். அந்த மனுவை மட்டும் கொஞ்சம் பாருங்க."

"அது நம்ம கையில இல்லம்மா. தொகுப்பு மாறினா அதுக்கப்புறம் வர்ற ஆணை எல்லாம் துலாவே போடறது. உங்களுக்குத் தெரியாததா?"

திருத்தம் ஏறியது. துலாவுக்குப் பதினோரு நிமிடம் பிடித்தது. முப்பது ஆண்டுப் புகை இடம் மாறியது. கப்பல்கள் மூடல் பட்டியலின் முதல் வரிக்கு வந்தன. கப்பல் நிறுவனங்கள் மறுஆய்வு கேட்டன. அவற்றுக்கு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. செங்கமடைக்கு அன்று முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். சுபாஷினியின் பட்டம் திரும்பப் பெறப்பட்டது. அவள் வேலையை விட்டாள்.

ஆணை வந்த அன்று ரிஸ்வானாதான் அதை அவளுக்கு அனுப்பினாள். 'நீங்களே போய்ச் சொல்றது நல்லது மேடம்' என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

எட்டாவது மாடியில் வழிவிட்டான் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எல்லோரிடமும் அதே காகிதம் இருந்தது. அரசாங்கத் தமிழ் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. சுபாஷினியை வாசிக்கச் சொன்னார்கள்.

முதலில் பூவலிங்கம் பற்றிய பகுதியை வாசித்தாள். மறைவெரிப்பு எதுவும் நிகழவில்லை என்பதால், செங்கமடை பூவலிங்கம் உள்ளிட்ட நாற்பத்தொரு பேர் மீதான தீர்ப்புகள் நீக்கப்படுகின்றன. பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். சுபாஷினி வாசித்தாள்.

"மேக்கொண்டு படிங்க தாயி," என்றார் வழிவிட்டான்.

அவள் முன்பே படித்திருந்தாள்.  தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"திருத்திய தொகுப்பின்படி மேற்படி பதினான்கு ஊர்களின் கரிமூட்டங்கள் எந்த ஆண்டிலும் வரம்பைத் தாண்டவில்லை. ஆகவே அவற்றை மூடிய ஆணை தொடக்கம் முதலே இல்லாததாகிறது. மூடல் ஆணை இல்லாத நிலையில், இக்குடும்பங்கள் தாமாகவே ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர்களாகக் கருதப்படுவர். தொண்ணூறு நாட்களுக்குள் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும்."

"தாமாகவேன்னா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"யாரும் உங்களை வெளியேத்தல, நீங்களா விருப்பப்பட்டுக் கிளம்பி வந்தீங்கன்னு எழுதியிருக்கு."

வழிவிட்டான் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார்.

"பஸ்ஸுல ஏத்துறப்ப ஆளுக்குக் கையில நம்பரு எழுதி ஏத்துனாகளே," என்றார். "என் கையில நூத்தி எம்பது. அப்ப அது எதுக்குத் தாயி?"

 கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பஞ்சவர்ணம் மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணன் பேரு வர்ற எடத்த மட்டும்," என்றாள், "இன்னொருக்க வாசிங்க."